ஜன்னல் சீட்டுக்கு இருபத்திரண்டு எழுத்து

வத்தலக்குண்டு பஸ்ஸில் எனக்கும் ரஹ்மத் அக்காவுக்கும் தினமும் ஒரு போட்டி. முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டில் டி.என். போக மீதியுள்ள எழுத்துகள் வருகிற மாதிரி நீளமான ஆங்கில வார்த்தை சொல்பவருக்கே ஜன்னல் சீட்.

இன்று பி, ஒய்.

"ரெஸ்பான்சிபிலிட்டி. பதினாலு எழுத்து" என்றேன். நான் இங்கிலீஷ் டீச்சர். ஜன்னலோரம் உட்கார்ந்தும் விட்டேன்.

மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் அக்கா அசரவில்லை.

"கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ். இருபத்திரண்டு. எந்திரிங்க டீச்சர்."

"அது என்னக்கா?"

"கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து. தெனமும் எம்புட்டுப் பேருக்கு எடுத்துக் குடுக்குறேன்."

போனில் தேடினேன். எண்ணினேன். எழுந்தேன்.

நாளை முதல் மருந்துப் பெயர் செல்லாது என்று விதி போடப்போகிறேன். தோற்றதற்காக இல்லை, நியாயத்துக்காக.

டீச்சர்கள் ஆதரவு தரலாம். மெடிக்கல்காரர்கள் கமென்ட் பக்கம் வர வேண்டாம்.