மஹ்ரூப் நானா எழுதிக் கொடுத்த துண்டு

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மஹ்ரூப் நானாவின் யூனானி மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். நானாவுக்கு எழுபத்தெட்டு வயது. மகள் வீட்டில் இருக்கிறார். அந்தப் பக்கம் போனால் இன்னமும் என் மூக்கு சுக்கு வாசனையைத் தேடும்.

மருந்தோடு ஒரு துண்டுக் கடதாசியும் கொடுப்பார். மேலே அரபியில் இறைவன் பெயர். கீழே தமிழில் நோய், சரக்குகள், அளவு. தன்னிடம் பிரதி வைத்துக்கொள்ள மாட்டார். "என் கையில இருந்தா நான் மாத்தி எழுதலாமே" என்பார். முன்னொரு காலத்தில் பக்தாத் பக்கம் அப்படித்தானாம். நோயாளி இறந்துபோனால் வீட்டார் அந்தத் துண்டைத் தலைமை வைத்தியரிடம் கொண்டுபோவார்கள். பிழை இருந்தால் மருந்து கொடுத்தவர்தான் பொறுப்பு. வைத்தியராக இருந்த அவருடைய தகப்பன், வாப்பா, அவருக்குச் சொன்னது.

பதினைந்து வருடத்துக்கு முன் என் அப்பா வீரய்யா இருமலுக்கு அவரிடம் சூரணம் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது வாரம் தேயிலை மலையில் வேலை செய்யும்போது கால் துவண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் நெஞ்சுத்துடிப்பு தாறுமாறாக இருந்தது. என்ன மருந்து குடித்தார் என்று டாக்டர் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. சொல்லியனுப்பியதும் நானா சாரத்தை மடித்துக் கட்டியபடியே வந்துவிட்டார்.

"தங்கச்சி, நான் தந்த துண்டு எங்க?"

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "மேல அரபு எழுத்து இருந்துச்சுங்களா, மந்திரம்னு நெனச்சு தாயத்துல அடைச்சு அவரு கையில கட்டிட்டேங்க."

"மந்திரமா? அதிமதுரம், திப்பிலின்னுதானே எழுதினேன்."

தாயத்தை நெம்பித் திறந்தோம். டாக்டர் சிங்களவர். நானா எதை விட்டுவிட்டு வாசித்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. நானா ஒன்று விடாமல் சிங்களத்தில் சொன்னார். கடைசியில், "பிரஷர் மாத்திரை குடிக்கிறாரான்னு நான் கேக்கல்ல. பிழை என்னோடது" என்றார். அதிமதுரமும் அந்த மாத்திரையும் சேர்ந்து உடம்பில் இருந்த பொட்டாசியம் என்ற உப்பை இறக்கிவிட்டதாம். அதற்கு மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அப்பா பிளேன்டீ கேட்டார்.

இனி நானாகிட்ட போகாதீங்க என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். அடுத்த மழைக்கு இருமல் வந்ததும் அம்மாவே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். நானா நாடியைத் தொடவில்லை.

"மொதல்ல தோட்டத்து ஆஸ்பத்திரி மாத்திரை என்னென்ன குடிக்கிறார்?"

அம்மா பையை மேசையில் கவிழ்த்தாள். "இவ்வளவுதாங்க. இதுல ரெண்டு என்னோடது, நீங்களே பிரிச்சுக்கங்க."