லோன்றி இருட்டில கதைச்ச மனுசன்

வினாகிரி மணம்... ஊறுகாய் போட்ட வீடு மாதிரி.

நோபல் பார்க்கில நாங்கள் முதல் இருந்த பிளற்றின்ர உடுப்புத் தோய்க்கிற லோன்றிக் கதவைத் திறந்தா அதுதான் முகத்தில அடிக்கும். படம் கழுவுற மருந்து.

எழுபதுகளின்ர நடுப்பகுதி. கலியாணம் முடிஞ்சு யாழ்ப்பாணத்தில இருந்து இந்த நாட்டுக்கு வந்து இறங்கின நேரம். இவர் எனக்கு முதலே வந்து, றோட்டு வேலைப் பகுதியில என்ஜினியரா இருந்தவர். கலியாணத்துக்கு முதல் ஒரு போட்டோ, நாலு சொல்லு... அவ்வளவுதான் எங்கட பழக்கம்.

நல்ல மனுசன். ஆனா கதை இல்லை. வேலையால வருவார், சாப்பிடுவார், கறி நல்லாயிருக்கு எண்டுவார். பிறகு ரீவியில நியூஸ். அக்கம்பக்கத்தில தமிழ் கதைக்க ஒரு சனமும் இல்லை. பகல் முழுக்க ரேடியோவைப் போட்டு வைச்சிருப்பன். விளங்கிறதுக்கில்லை, ஒரு மனுசச் சத்தத்துக்கு.

சனிக்கிழமை வந்தாத்தான் அவருக்கு உயிர் வரும். பெரிய மரக் கமரா ஒண்டு வைச்சிருந்தவர். ஆரோ வெள்ளைக்காரர் வீடு மாறேக்க கராஜில வைச்சு வித்ததாம். முன்பக்கம் ஆர்மோனியத் துருத்தி மாதிரி இழுபடும். பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலையில போட்டுக்கொண்டு பாத்தா, முன்னால இருக்கிறதெல்லாம் அதில தலைகீழாத் தெரியும். பிலிம் சுருளில்லை... போஸ்காட் அளவில தனித்தனிப் பிலிம் தாள்.

மொர்டியலொக் கடற்கரையில அரை நாள் நிண்டு ஒரே ஒரு படத்தோட வருவார். நான் காத்துக்குச் சீலையைப் பிடிச்சுக்கொண்டு காருக்குப் பக்கத்தில நிப்பன்.

பின்னேரம் லோன்றி அவற்ற இடம். யன்னலுக்குக் கம்பளி, கதவுக்குக் கீழ துவாய். உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்கு மேல பலகை போட்டு, மருந்துத் தட்டுகள்.

ஒருநாள் கம்பளி கழண்டு கழண்டு விழுந்தது. வந்து கொஞ்சம் பிடிக்கேலுமோ எண்டு கேட்டார். போனன். லைற்றை நிப்பாட்டினார். சிவப்பு லைற் எரியும் எண்டு நினைச்சனான்... அது படம் அச்சடிக்கிற பேப்பருக்குத்தானாம். பிலிமுக்கு ஒரு பொட்டு வெளிச்சமும் ஆகாது. என்ர கையே எனக்குத் தெரியேல்லை. தட்டுக்குள்ள அவர் பிலிமைப் புரட்டுற சத்தம் மட்டும்.

அந்த இருட்டுக்குள்ள மனுசன் கதைக்கத் தொடங்கினார்.

நான் கேக்காமலே. வந்த முதல் குளிருக்குக் கோட்டோட படுத்தது... பாண் திண்டு அலுத்து, புட்டு அவிக்கப் போய்க் களி கிண்டினது... நான் வரப்போறன் எண்டு தெரிஞ்ச உடனை இன்னொரு கதிரை வாங்கிப் போட்டு, அதைப் பாத்துக்கொண்டே சாப்பிட்டது.

நான் வாயைத் திறக்கேல்லை. திறந்தா நிப்பாட்டிப் போடுவாரோ எண்டு பயம்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனியும் கூப்பிடாமலே போவன். கம்பளிக்கு ஆணி அடிச்சாச்சு, பிடிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. ஏன் வந்தனீர் எண்டு அவரும் கேக்கேல்லை. வெளியில வந்தா திரும்ப அதே ஊமை.

குளிர்காலம் வர எனக்கு ஏலாமப் போச்சு. கிழமை முழுக்கத் தனிய இருந்து ஒரு மணித்தியாலக் கதைக்குக் காத்திருக்கிறதோ? ஒரு சனிக்கிழமை, இருட்டுக்குள்ள வைச்சே சொன்னன்.

"எனக்கு ஊருக்குப் போகவேணும். திரும்பி வருவனோ தெரியாது."

பிலிம் மருந்துக்குள்ள. லைற்றைப் போடவும் ஏலாது, கதவைத் திறக்கவும் ஏலாது. ரெண்டு பேரும் அப்பிடியே நிண்டம். பிலிமைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"ஓம். போகவேணுமெண்டாப் போம். ரிக்கற் எடுத்துத் தாறன். அதுக்கு முதல் உம்மை ஒரு படம் எடுக்க விடும்."

தடுப்பார் எண்டு நினைச்சனான். தடுக்கேல்லை எண்டதில வந்த கோவம் இருக்கே...

அடுத்த நாள் பின் வளவில, எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில என்னை நிறுத்தினார். சீலைக்கு மேல அவற்ற கோட்டைப் போட்டுக்கொண்டு விறைப்பா நிண்டன். அசையாமல் நில்லும் எண்டு போட்டு, கறுப்புத் துணிக்குள்ள போனவர் போனவர்தான். கால் விறைக்குது. பொறுக்கேலாமல் போய்த் துணியைத் தூக்கினன்.

மனுசன் அழுதுகொண்டு நிண்டார். ஒரு சத்தமும் இல்லாமல்.

அவருக்கு முன்னால கண்ணாடியில எலுமிச்சை மரம் தலைகீழா... நான் நிண்ட இடம் வெறுமையா.

அந்த இடத்தை விரலால தொட்டுக்கொண்டு, "இனி இப்பிடித்தான் இருக்கும், என்ன?" எண்டார்.

நானும் தலையைத் துணிக்குள்ள விட்டன். இதைக் குசினியில வைச்சுச் சொல்லியிருக்கலாமே எண்டு கேட்டன்.

"ஏலாதப்பா. எனக்கு வராது."

அந்தக் குளிருக்கு நான் போகேல்லை. மகள் பிறந்த பிறகு மூண்டு பேருமாத்தான் ஊருக்குப் போனம். படமும் அண்டைக்கே எடுத்தவர். கண் வீங்கி, கோட்டுக்குள்ள புதைஞ்சு... நான் வடிவா இல்லை. அதைத்தான் அவர் கண்ணாடி போட்டு மாட்டி வைச்சிருக்கிறார்.

மகள் பிறந்ததோட லோன்றித் தொட்டி நாப்கின் தோய்க்கப் போச்சு. கமராவும் பெட்டிக்குள்ள போனதுதான்.

இப்ப வெரிபீயில, மகள் வீட்டுக்குப் பக்கத்தில இருக்கிறம். பேரப்பிள்ளையள் போன்ல எடுக்கிற படங்களுக்குக் கணக்கில்லை. எல்லாத்திலயும் சிரிக்கிறம். இவரும் மாறிட்டார், ஆர் வந்தாலும் நல்லாக் கதைப்பார். ஆனா காது குறைஞ்சு போச்சு. காது மெஷினைக் கழட்டினா, என்ர வாயைப் பாத்துத்தான் விளங்கிக்கொள்ளுவார். அதுக்கு வெளிச்சம் வேணும்.

அந்த லோன்றிக்குள்ள கேட்ட குரல்... மெல்லிசா, பிலிமுக்கு நோகாத மாதிரி ஒரு குரல்... அதைப் பிறகு நான் கேக்கேல்லை.

படுக்க லைற்றை நிப்பாட்டின பிறகும் சில நாள் நான் கதைச்சுக்கொண்டு கிடப்பன். அவருக்குக் கேளாது எண்டு எனக்குத் தெரியும். என்ர கையைத் தேடிப் பிடிச்சு, "ஓம்... ஓம்" எண்டுவார்.