சங்குக்குள் இருந்தது

ஜகந்நாதன் வீட்டில் சொல்லியிருந்தது கல்லூரி லைப்ரரி உத்தியோகம். பார்த்ததோ விலங்கியல் கூடத்து அட்டெண்டர் வேலை. திருப்பதிக் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கண்ணபிரான் ஐயங்காரின் பிள்ளை ஃபார்மலினில் மீன் ஊறப்போடுகிறான் என்று தெரிந்தால், அப்பா அவனை வாசற்படி ஏற விடமாட்டார். ஆந்திர ராஜ்யம் பிறந்த புதிது. தமிழ் மட்டும் படித்தவனுக்கு வேறு எவன் வேலை தருவான்?

பொய்யைக் காப்பாற்றியவன், உடன் வேலை பார்த்த சிட்டிபாபு, திருத்தணிப் பக்கத்து விவசாயி மகன். ஜகந்நாதன் வீட்டிலிருந்து யாராவது தேடி வந்தால், "சாமி லைப்ரரில கீறாரு, இட்டாரேன்" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவான். சாயங்காலம் நாற்றம் போகக் கை தேய்க்க ஜகந்நாதனுக்கு எலுமிச்சம்பழம் கொண்டுவருவதும் அவன்தான்.

வேடிக்கை என்னவென்றால், மூக்கைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தவனுக்குக் கடல் பிடித்துப்போயிற்று. கடலை அவன் கண்டதேயில்லை. சுவரில் தொங்கிய படத்தில் பழவேற்காட்டிலிருந்து மன்னார் வளைகுடா வரை விரலாலேயே நடந்து போவான். பவளத்திட்டு எங்கே, கடலட்டை எந்த மணலில் கிடக்கும், எல்லாம் அத்துப்படி. ஆனாலும் உயிரெல்லாம் சங்கின் மேல்தான். மன்னாரிலிருந்து உள்ளே வாழ்ந்த சங்குப்பூச்சியோடு வந்த சங்கை இருவரும் சேர்ந்தே ஜாடியில் இறக்கினார்கள்.

"மண்ணுல புழு துன்னுற பூச்சியா சாமி இம்மாம் பெரிய வூடு கட்டுச்சி?" என்று வாயைப் பிளந்தான் சிட்டிபாபு.

"ஆமாண்டா, தானே சுரந்து கட்டினது" என்றான் ஜகந்நாதன், என்னமோ தானே கட்டியதுபோல.

ஐம்பத்தேழில் கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். ஜகந்நாதன் மனைவி நாமகிரியை அழைத்துக்கொண்டு கண்ணபிரான் சொல்லாமல் வந்து நின்றார். கண் நேராக அந்த ஜாடியில் விழுந்தது.

"பெருமாள் திருக்கையில இருக்கற சங்குடா இது! இதுக்குள்ள மாம்சத்தைத் திணிச்ச பாவி யாரு?"

யாரும் திணிக்கவில்லை, அந்த உயிர்தான் சங்கையே செய்தது. மூன்று வருஷமாக வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் சொன்ன பதில்தான். தொண்டை வரை வந்தது. நாமகிரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவன்தான், அப்பா. நான் லைப்ரரிலேருந்து இப்பத்தான் வரேன்" என்று சிட்டிபாபுவைக் காட்டினான்.

சிட்டிபாபு அவனை ஒருமுறை பார்த்தான். "ஆமா சாமி, நாந்தான். தெரியாம பூடுச்சி."

ஊர் கூடிய இடத்தில் கிழவர் அவனைத் திட்டித் தீர்த்தார். அவன் கைகட்டிக் கேட்டுக்கொண்டான். ஜகந்நாதன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெட்கத்தில் மனுஷன் செத்துப்போவான் என்கிறார்களே, பொய். அவன் சாகவில்லை. அன்று ராத்திரி ரசஞ்சாதம் சாப்பிட்டான்.

மறுநாள் ஜாடியைத் துடைக்கப் போனவனைச் சிட்டிபாபு மறித்தான். "நீங்க தொடாதீங்க சாமி. நான் பாத்துக்கறேன்." குரலில் கோபமே இல்லை. அதைத்தான் ஜகந்நாதனால் தாங்க முடியவில்லை. மன்னித்துவிடு என்று சொல்லத் தினமும் வாயெடுப்பான். ஃபார்மலின் தீர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு நகர்வான். இப்படியே மூன்று வருஷம் ஓட்டினான், கோழை.

அறுபதில், ஆந்திராவிலிருந்த திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஊரோடு போய்விடுகிறேன் என்று சிட்டிபாபு வேலையை விட்டான். கடைசி நாள் கூடத்துச் சாவியை வாங்க ஜகந்நாதன் கையை நீட்டினான். எப்போதும் கையில் கொடுக்கிறவன் அன்று மேசைமேல் வைத்தான்.

"எட்துக்கோங்க சாமி."

பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டுப் போனான்.