பிள்ளை பெற்ற அறையில் கேட்ட பேண்டு

எனக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ஒரு வெள்ளைக்காரப் பாட்டு முழுசாகத் தெரியும். ஈப்போவில், மூத்தவளைப் பெற்றுக் கிடந்த அறையில் அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கு அதுவரை தப்பும் உறுமியும்தான் வாத்தியம்.

என் வீட்டுக்காரர் ஈப்போவில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை பார்த்தார். காவல்காரருக்குக் கொடுத்த அறை, பேண்டு அறையின் முதுகில் ஒட்டியிருந்தது. நடுவில் வெறும் பலகைச் சுவர். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று மாமியார் ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் சாக்கைத் திணித்துவிட்டார். உள்ளே சாம்பிராணிப் புகை, பூண்டு, பிரசவக் காய மருந்து. அந்த மருந்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கருப்பட்டி போட்டுக் கிளறியது, இன்றைக்குக் கொடுத்தாலும் விரலைச் சூப்பிச் சாப்பிடுவேன். ஆனால் முப்பது நாள் கழியும்வரை வாசற்படி தாண்டக்கூடாது. புழுங்கிச் செத்தேன்.

பேண்டு மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். யாரோ ஒரு துரை ஊருக்குப் போகும்போது தன் பியானோவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு முன்னால் போட்டு உட்காரும் பெட்டிக்குள் பழுப்பேறிய தாள்கள் கிடந்தன. எல்லோரும் மறந்துபோன பாட்டாம். அதைப் பேண்டுக்கு மாற்றி, பள்ளிக்கூடக் கச்சேரியில் வாசிக்க வைக்கிறேன் என்று மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

அவர் குரல் பலகை வழியாகத் தெளிவாகக் கேட்கும். "இதை எழுதின ஆள் பத்து விரலை நம்பி எழுதினவர். எனக்கு வாய்ச்சது நீங்கள். ஆளுக்கொரு விரல் எண்டு நினைச்சு ஊதுங்கோ."

பியானோவில் கொஞ்சம் தட்டுவார், நிறுத்துவார், எழுதுவார். ஒரு தடவையாவது முழுசாக வாசித்தாரா? இல்லை. அப்புறம் ஒரு நாள் சின்னக் குழல்காரன் மட்டும் வருவான், இன்னொரு நாள் எக்காளம், இன்னொரு நாள் பெரிய குழல். பெரிய குழலுக்குப் பாட்டே இல்லை, போம் போம் என்று எருமை மாதிரி. மீன் குழம்பு கேட்டவளுக்கு இன்றைக்குப் புளியும் நாளைக்கு மிளகாயும் கொடுத்தால் எப்படி இருக்கும்? எல்லாம் சேர்ந்தால் என்ன ருசி என்று தெரியாமல் தவித்தேன். சேர்த்து வாசிப்பதோ திடலுக்கு அந்தப் பக்கம், பெரிய மண்டபத்தில். கச்சேரி நாளும் முப்பதுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"அத்தே, வாசல்ல நின்னு கேட்டுட்டு வந்துர்றேன்."

"ஜன்னி வந்தா ஒங்க ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது? பேசாம கெட லா."

"கதவையாச்சும் தொறந்து வைங்களேன்."

"காத்து என்ன கதவத் தட்டிக் கேட்டுட்டா வரும்?"

அன்று சாயங்காலம் மழை வேறு. தகரக் கூரையில் கொட்டிய கொட்டில் பிள்ளை அழுவதே கேட்கவில்லை. நான் பலகையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை கொஞ்சம் விட்டபோது, தூரத்தில் போம் போம். அது மட்டும்தான் திடலைத் தாண்டி வந்தது.

எனக்கு அது போதும். அதன்மேல் எக்காளத்தை நானே ஏற்றினேன், சின்னக் குழலை நானே ஓட்டினேன். கண்ணை மூடி, வாய்க்குள் முணுமுணுத்து, தொடையில் தாளம் போட்டேன். ஒவ்வொன்றும் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஐயோ, என்ன பாட்டு அது. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ஆத்தாடி, வந்திருச்சு ஜன்னி" என்று மாமியார் என் நெற்றியில் சுக்கை இழைத்து அள்ளிப் பத்துப் போட்டார். நான் சிரித்தேன். அதனால் பயம் இன்னும் கூடிவிட்டது. முப்பது போதாது, நாற்பது என்று அங்கேயே தீர்ப்பு.

நனைந்து வந்த வீட்டுக்காரரிடம் பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கே? சின்னக் கொழல்காரன் பயந்துபோய் பாதியிலயே நிறுத்திட்டான் லா. மாஸ்டருக்கு மூஞ்சியே இல்ல."

என்னிடம் அவன் நிறுத்தவில்லை. கடைசிவரை ஊதினான். அதைச் சொன்னால் ஐம்பது ஆக்கிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டு மருந்தைத் தின்றேன்.