எட்டுச் செலவன்று அப்பாவின் சிகரட்

அப்பாவின் எட்டுச் செலவன்று இலையில் எந்தச் சிகரட்டை வைப்பது என்று அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை வந்தது. செத்த எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். நண்டுக் கறி இருந்தது. சாராயம் இருந்தது. சிகரட்தான் பிரச்சினை.

“அவரைச் சாகடிச்சதே அதுதானே. நான் இலையில வைக்கமாட்டன்,” என்றாள் அம்மா. நான் வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் சிகரட்டைத்தான் வைக்க வேண்டுமாம்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். லாசாலில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் சட்டை மடித்துப் பெட்டியில் போடும் வேலை. கூட வேலை செய்த ஒருத்திதான் அந்த எலெக்ட்ரிக் சிகரட்டைப் பற்றிச் சொன்னாள். மொன்றியலில் அப்போது அது புதுச் சாமான். அப்பாவின் நெஞ்சுக்குள் கட்டி என்று டொக்டர் சொன்ன பிறகு, யார் எதைச் சொன்னாலும் நான் வாங்கினேன்.

எழுதுகிற பேனை மாதிரி இருக்கும். இழுத்தால் நுனியில் சிவப்பு வெளிச்சம் வரும். வீட்டுக்குள்ளேயே இழுக்கலாம் என்று சொல்லியும் அப்பா அந்தக் குளிருக்குள் பல்கனிக்குத்தான் போவார். பக்கத்தில் நின்று புகைக்கும் சித்தப்பா சிரிப்பார்.

“ஆவி பறக்குது. பிட்டு எங்கையண்ணை?”

“போடா. உன்ரை நாத்தத்தை அங்கால கொண்டுபோ.”

சொல்லிவிட்டு, சித்தப்பாவின் புகை வரும் பக்கமாகவே நிற்பார்.

“உண்மையைச் சொல்லுங்கோ அப்பா, இது காணுமோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“புகை வருது பிள்ளை. தொண்டையில பிடிக்குதில்லை.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, கைக்கு ஒரு வேலை இருக்குத்தானே,” என்றார்.

கடைசிக் கிழமை அந்த வெளிச்சம் வரவில்லை. சார்ஜ் போய்விட்டதாக்கும் என்று செருகி வைத்துத் திரும்பக் கொடுத்தேன். அப்போதும் வரவில்லை. சாமானில் பிழையில்லை. இழுக்க அவரிடம் மூச்சில்லை.

அம்மா பிடிவாதமாக அதையே இலையோரம் வைத்தாள். குத்துவிளக்கைக் கொளுத்திக் கும்பிட்டாள். பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் பிள்ளை பத்தேல்லை?”

“ஆராவது இழுத்தாத்தான் பத்தும் அம்மா. நான் ஒருக்கா இழுக்கட்டோ?”

“எச்சில் பண்ணியோ கொப்பருக்கு வைக்கப்போறாய்?”

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, “தம்பி, உம்மட பொக்கற்றுக்குள்ள கிடக்கிறதில ஒண்டை எடும்,” என்றாள்.

சித்தப்பா சிகரட்டை வாயில் வைக்காமல் விளக்குத் திரியில் பிடித்தார்.  பற்ற நேரமெடுத்தது. பற்றியதும் இலையோரம் வைத்தார்.

கதவைச் சாத்திவிட்டுக் கொரிடோரில் நின்றோம். பக்கத்து வீட்டுக்காரி உடுப்புக் கூடையோடு “பொன்ஜூர்” என்று வணக்கம் சொல்லிப் போனாள். 

திரும்ப உள்ளே போனபோது, சாம்பல் முறியாமல் நீளமாகக் கிடந்தது.

“முழுக்கக் குடிச்சிட்டார்,” என்றாள் அம்மா.

வீடு முழுக்க அப்பாவின் மணம். நான் பழக்கத்தில் யன்னலைத் திறக்கப் போனேன்.

“விடு பிள்ளை. கிடக்கட்டும்.”