சுண்ணாம்பு விழுந்த பீர்

கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் ஒரு சிப் தொழிற்சாலை. அங்கே தண்ணீர் சுத்திகரிக்கும் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். எண்பதுகளின் நடுவில், வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஆசை என்னையும் பிடித்துக்கொண்டது. கூட்டாளி, எங்கள் பிரிவில் டெக்னீஷியனாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும்போது கலவை கொஞ்சம் அமிலமாக இருக்க வேண்டும். பிஎச் ஐந்தரையைத் தாண்டி ஏறினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும். எங்கள் குழாய்த் தண்ணீரோ காரத்தன்மை கொண்டது. கடையில் இரண்டு வெள்ளைத் தூள் பொட்டலங்கள் வாங்கி வைத்திருந்தேன். ஜிப்சம் பிஎச்சை இறக்கும். சுண்ணாம்புத் தூள் ஏற்றும். அது கறுப்பு பீருக்கானது. நாங்கள் காய்ச்சியது வெளிர்நிற பீர்.

ஒரு சனிக்கிழமை காலை கராஜில் தூளைக் கொட்டிக் கிளறினேன். அவர் பிஎச் தாள் ஒன்றைக் கிழித்து நீட்டினார்.

"அண்ணை, இதை ஒருக்கா தோய்ச்சுப் பாப்பமே?"

"தண்ணி என் டிபார்ட்மென்ட்டுங்க. டெஸ்ட் எல்லாம் வேணாம், விடுங்க."

அவர் தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்து எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேருக்கு மதிய விருந்து. எங்கள் பீரை ஊற்றிக் கொடுத்தோம். முதல் வாயிலேயே எல்லார் முகமும் சுருங்கியது.

"என்னப்பா, டீ பேக்கை மென்ன மாதிரி இருக்கு!" என்றார் ஒரு டாக்டர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே யாழ்ப்பாணத்துக்காரரைக் காட்டினேன். "சார்தான் பாத்திரத்துக்கு இன்சார்ஜ். சோப்பு போகக் கழுவலை போல."

பெரிய சிரிப்பு. அவரும் சிரித்தார். பிறகு, பாதி குடித்து வைத்த கிளாஸ்களை எடுத்துப் போய்ச் சமையலறையில் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் கராஜ் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது பொட்டலங்களைப் பார்த்தேன். ஜிப்சம் பிரிக்கப்படவே இல்லை. சுண்ணாம்புப் பொட்டலம் காலி.

மனைவியிடம் சொன்னேன். "இப்பவே அவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க," என்றாள். பண்ணவில்லை. மூன்று வாரம் அவர் முகத்தைப் பார்க்காமல், மீட்டரையே பார்த்தபடி வேலை செய்தேன். கடைசியில் ஒரு நாள் பார்க்கிங் லாட்டில் அவரை நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் அண்ணை. போத்திலில அடைக்கேக்கையே வெறும் சுண்ணாம்புப் பக்கற்றைப் பாத்தனான்."

"அப்போ விருந்துலயே ஏன் சொல்லலை?"

"உங்கட வீட்டில, உங்கட ஆக்களுக்கு முன்னால, என்னெண்டு சொல்லுறது?"

மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ," என்று காரில் ஏறினார்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரிடம் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. பொங்கல், பிறந்தநாள் என்று எங்கே கண்டாலும் "வாங்க சோப்பு சார்" என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் நியூ ஜெர்ஸிக்கு மாறிப் போகும்போது நடந்த வழியனுப்பு விருந்திலும் யாரோ அப்படிக் கூப்பிட்டார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் குனிந்து சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.