கோல் வலை கட்டியவர்

குருநகர் உதைபந்தாட்ட மைதானத்தில் கோல் வலை கட்டும் மீனவர் அவர். மீன்பிடி வலை நூலில்தான் முடைவார். கதைக்கும்போதும் விரல்கள் காற்றில் முடிச்சுப் போடும்.

ஆண்டு விழா மலருக்கு நான் எழுதிய கழக வரலாற்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒல்லாந்து வழிவந்த பறங்கியர் தொடங்கிய கழகம் என்று பெருமையாக எழுதியிருந்தேன்.

“ஓம், பந்து அவை கொண்டுவந்தவை. வலை கட்டினது ஆர்? எங்கடை ஆக்களின்ரை பேர் எங்கை?”

“மலரிலை இடமில்லை, அண்ணை.”

“அப்ப ஒல்லாந்தரே வந்து கட்டட்டும்.”

விழாவன்று வெறும் கம்பங்களுக்கிடையே பந்து பறந்தது. கோலா இல்லையா என்று இரு அணியும் அடிபட்டன. நான் அவரிடம் ஓடினேன்.

மடித்த வலையின்மேல் இருந்தவர் எழும்பவேயில்லை.

“அச்சிலை எங்கடை பேரைக் காட்டு. கட்டிறன்.”